‘டிட்’ போட்ட மெயிலும் இறக்கிய லாரியும்

போன வாரம் உங்கள் மேனேஜர் என் வீட்டுக்கு வந்தார். நீங்கள் வெளிநாட்டுப் பையர்களுக்கு எழுதிய மெயில்களில் பத்தைப் பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்து, “ஒரு பார்வை பாருங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனார். ரிட்டையர் ஆனவளிடம் வேலை வாங்குவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். படித்தேன். பெரிய தப்பு ஒன்றுமில்லை. ஆனால் பத்து மெயிலில் பதினான்கு இடத்தில் ‘வி டு கன்ஃபர்ம்’, ‘வி டிட் செக்’ என்று இருக்கிறது. தனியாக உட்கார்ந்து நன்றாகச் சிரித்தேன். இந்த வியாதியை மண்ணரைப் பக்கத்துப் பனியன் கம்பெனிகளில் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் உங்களைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நடந்ததைச் சொல்ல மட்டும் உண்டு.

என் பெயர் எஸ்தர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா கட்டிங் டேபிளில் நின்றார், அம்மா பனியனுக்குப் பிசிர் வெட்டினாள், நான் டைப்ரைட்டிங் படித்துவிட்டு ஆபீசுக்குள் நுழைந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் எல்லாக் கம்பெனியிலும் இன்டர்நெட் வந்த சமயத்தில், மண்ணரையில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் ஆனேன். அதாவது, வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களுக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் வேலை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் முதலாளி உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள விவசாயக் குடும்பம். இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் அவர் காதில் விழாமல் ஒரு மெயிலும் வெளியே போகக் கூடாது. நான் இங்கிலீஷில் எழுதி, தமிழில் அவருக்குச் சொல்லி, அவர் கொங்குத் தமிழில் திருத்தம் சொல்லி, அதை மறுபடி இங்கிலீஷில் எழுத வேண்டும். ஒரு மெயிலுக்கு முக்கால் மணி நேரம். ஆளில்லாத நேரத்தில் அவரைத் திட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால், எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே இங்கிலீஷ் தெரியாத அந்த மனிதர்தான் என்று தோன்றுகிறது.

மார்லீன் என்று ஹாலந்தில் ஒரு பையர் இருந்தார். ஒரு முறை நாங்கள் அனுப்பிய சாம்பிள் வரவேயில்லை என்று எழுதினார். ‘வி டெஸ்பாட்ச்டு த சாம்பிள்’ என்று பதில் போட்டேன். ‘தயவுசெய்து அனுப்புங்கள்’ என்று வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி அதே பதில்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க அம்மிணி, நாம அனுப்பிச்சது நெசந்தானுங்களே? அப்பறம் எதுக்குங்க இத்தன மெதுவாச் சொல்றீங்க? நல்லா அழுத்திச் சொல்லுங்க.”

அந்தக் காலத்தில் ஊரில் எல்லாரும் அழுத்தத்துக்குச் செய்கிற வைத்தியத்தை நானும் செய்தேன். முழு வரியையும் கேப்பிடல் எழுத்தில் அடித்துச் சிவப்பு நிறம் கொடுத்து, கடைசியில் மூன்று ஆச்சரியக்குறி வைத்தேன். மார்லீனிடமிருந்து ஒரே வரி வந்தது: ‘எஸ்தர், ஏன் என்னைப் பார்த்துக் கத்துகிறாய்?’

வெட்கமாகப் போய்விட்டது. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு பழைய கடிதப் புத்தகம் என்னிடம் இருந்தது. அட்டைகூட இல்லாத புத்தகம். அன்று சாயங்காலம் அதைப் புரட்டியபோதுதான் இந்த விஷயம் கண்ணில் பட்டது. வினைச்சொல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு ‘டு’, ‘டஸ்’, ‘டிட்’ வைத்தால் போதும், குரலை உயர்த்தாமலே அழுத்தம் வந்துவிடும் என்று போட்டிருந்தது. படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. ‘சொன்னேன்’ என்று அம்மா சொன்னால் சாதாரணம். ‘சொல்லத்தான செஞ்சேன்’ என்றால், நான் சொல்லவில்லை என்று நீ எப்படிச் சொல்லலாம் என்று அர்த்தம். நம்மிடம் வீட்டிலேயே இருக்கிற சாமான்தான் இது.

மறுநாள், ‘வி டிட் டெஸ்பாட்ச் த சாம்பிள்’ என்று எழுதி, கொரியர் ரசீது எண்ணையும், அங்கே கையெழுத்துப் போட்டு வாங்கியவர் பெயரையும் கீழே கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. பெட்டி அவர்கள் ரிசப்ஷன் மேஜைக்கு அடியிலேயே கிடந்ததாம். மார்லீன் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டிருந்தார். முதலாளி தையல் ஃபுளோர் முழுக்கப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அங்கே பிடித்தது சனி. முதலாளிக்கு அந்த ஒரு வார்த்தை மனப்பாடம் ஆகிவிட்டது. நான் எந்த மெயிலைப் படித்துச் சொன்னாலும், “டிட்டு போட்டாச்சுங்களா அம்மிணி?” என்பார். நானும் போட்டேன். பையர் விசாரிக்காத விஷயத்துக்குப் போட்டேன், யாரும் சந்தேகப்படாத விஷயத்துக்குப் போட்டேன். ‘நீங்கள் நலமாக இருக்கத்தான் செய்கிறீர்கள் என்று நம்பத்தான் செய்கிறோம்’ என்ற ரீதியில்கூட ஒரு பையருக்கு எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கம்பெனிப் பெண்கள் காப்பியடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் கேன்டீன்காரர், “சக்கரை டிட்டு போட்டுட்டேனுங்க” என்று சொல்லி டீ கொடுப்பார். கம்பெனியே சந்தோஷமாக இருந்தது.

இப்போது நான் சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

மார்லீன் முதல் முறையாக எங்களுக்குக் கைக்குழந்தை உடுப்பு ஆர்டர் கொடுத்திருந்தார். கழுத்திலிருந்து கால் வரை மூடும் ஒற்றை உடுப்பு, முன்பக்கம் வரிசையாகப் பிரஸ் பட்டன். கைக்குழந்தை எதையும் வாயில் வைக்கும். பட்டன் கழன்றால் நேரே தொண்டைக்குள்தான் போகும். அதனால் ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஒவ்வொரு தவணைச் சரக்கிலும், சில உருப்படிகளை எடுத்து, பட்டனைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் சின்ன மெஷினில் மாட்டி, எவ்வளவு இழுப்புத் தாங்குகிறது என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். கடைசியில் மார்லீன் அனுப்பும் இன்ஸ்பெக்டர் கோயமுத்தூர் ஏஜென்சி ஒன்றிலிருந்து வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லாரி கிளம்பும்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மெயில் முன்னால் போகும், வேலை பின்னால் வரும். நமக்கு மத்தியானம் ஒன்றரை ஆனால் அங்கே காலை ஒன்பது. பையர் நாற்காலியில் உட்காரும்போது ‘முடிந்தது’ என்ற மெயில் தயாராக இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு முடிக்கப் போகிற வேலையைச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்ததாக எழுதிவிடுவோம். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. எப்படியும் சாயங்காலத்துக்குள் செய்துவிடப் போகிறோம், அப்புறம் என்ன?

அன்று மார்லீன் கேட்டிருந்தார்: ‘எல்லா லாட்டும் டெஸ்ட் செய்தீர்களா? குழந்தைச் சமாசாரம், அதனால் கேட்கிறேன்.’ நான்கு லாட்டில் மூன்று முடிந்திருந்தது. நான்காவதை மத்தியானம் பார்ப்பதாக இருந்தது. முதலாளி உடுமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாத தைரியத்தில் மெயிலை யாருக்கும் படித்துக் காட்டாமல் நானே அடித்தேன். ‘வி டிட் டெஸ்ட் எவ்ரி லாட். வி டு கன்ஃபர்ம்.’ ஒன்றுக்கு இரண்டாக அழுத்தம். அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். கத்தரிக்காய்க் குழம்பு. நன்றாகவே சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது பதில் காத்திருந்தது. ‘எஸ்தர், இவ்வளவு உறுதியாக நீ சொல்லும்போது நாளை இன்ஸ்பெக்டரை அனுப்பி ஒரு நாளை வீணாக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் டைரக்டரிடம் என் பொறுப்பில் பேசிவிட்டேன். இன்றே ஏற்றலாம்.’

இன்ஸ்பெக்டர் வரவில்லை என்றால் எங்களுக்கு அது தீபாவளி. அவருக்குச் சாப்பாடு, கார், ஏசி ரூம், அவர் முகம் சுளித்தால் மறுபடி முதலிலிருந்து வேலை, இத்தனையும் மிச்சம். ஃபுளோருக்குப் போய்ச் சொன்னேன். கைதட்டினார்கள். மறுநாளைக்கென்று முன்கூட்டியே வந்து வெளியே நின்ற லாரியில் அட்டைப்பெட்டி ஏற ஆரம்பித்தது. ஐந்து மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் தூத்துக்குடித் துறைமுகம், அங்கிருந்து கப்பல்.

இரண்டரை மணி இருக்கும். ரிஜிஸ்டரில் நான்காவது லாட் எண்களைக் குறித்துக்கொள்ளலாம் என்று செக்கிங் பக்கம் போனேன். அங்கே பொறுப்பு சரசக்கா. சாமளாபுரத்துக்காரர், வேலையில் சுத்தம். ரிஜிஸ்டரைத் திறந்தால் நான்காவது லாட் பக்கம் வெள்ளையாக இருந்தது. இழுக்கும் மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தது.

“எக்கா, நாலாவது லாட்டு இன்னும் பாக்கலியா?”

“அதுதான் இன்ஸ்பெக்டரு வரலைன்னு நீங்களே சொன்னீங்களே கண்ணு. அப்பறம் ஆருக்குங்க பாக்கோணும்?”

அக்காவைக் குறை சொல்ல வாயே வரவில்லை. அவர் கேட்ட கேள்வியில் எங்கள் கம்பெனி முழுவதும் இருந்தது. அத்தனை நாளும் நாங்கள் டெஸ்ட் செய்தது இன்ஸ்பெக்டருக்காக. நான் எழுதிய வாக்கியம் இன்ஸ்பெக்டரை நிறுத்தியது, இன்ஸ்பெக்டர் நின்றதும் டெஸ்டும் நின்றது. பின்னால் வர வேண்டிய வேலையை என் மெயிலே வர விடாமல் செய்துவிட்டது.

மேஜையில் நான்காவது லாட்டின் உபரி உருப்படிகள் ஐந்தாறு கிடந்தன. ஒன்றை எடுத்து, மெஷின்கூட இல்லாமல், இரண்டு விரலால் பட்டனைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. இன்னொன்றை இழுத்தேன். அது நின்றது. மூன்றாவது மறுபடி கையோடு வந்தது. கர்த்தரே என்று சொன்னேன்.

முதலாளிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. நான்கு தடவை போட்டேன். கல்யாண வீட்டில் மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? லாரியில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. இறக்கச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. அந்தக் கப்பலை விட்டால் முதல் ஆர்டரே தாமதம், அடுத்த சீசன் ஆர்டர் கிடைக்காது, தையல் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. இதையெல்லாம் அறியாதவளாக நான் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், போகட்டும் என்று விட்டுவிட ஒரு பத்து நிமிடம் ஆசைப்பட்டேன். எத்தனை பட்டன் கழன்றுவிடப் போகிறது, கழன்றதையெல்லாம் குழந்தை வாயிலா போடப் போகிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசினேன்.

என்னை நிறுத்தியது பெரிய தர்மசிந்தனை ஒன்றுமில்லை. ‘என் பொறுப்பில் பேசிவிட்டேன்’ என்று மார்லீன் எழுதியிருந்தாரே, அந்த வரிதான். அந்தப் பெண் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எழுத்தை நம்பித் தன் பெயரை வைத்துவிட்டார். நான் லாரிக்குப் போய் டிரைவரிடம், “அண்ணே, எல்லாத்தையும் இறக்கணும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் இறங்கி வந்தார்.

மூன்று மணிக்கு மிஷின்களை நிறுத்தி எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். டெஸ்ட் செய்யாமல் செய்ததாக எழுதினேன், பட்டன் கழல்கிறது, ஒன்று விடாமல் பார்க்க வேண்டும். கைக்குழந்தை என்றதும் பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சரசக்கா மெஷினின் உறையை உருவி எறிந்துவிட்டு, பெட்டிக்கு இரண்டு என்று மாட்டி இழுக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் கையால் இழுத்தார்கள். கழன்ற பட்டனைத் தகரத் தட்டில் போடச் சொன்னேன். ‘டிங்’ என்று சத்தம் வரும்போதெல்லாம் ஓவென்று கூச்சல். பீகாரிலிருந்து வந்த அயர்ன்காரர்கள் ஒரு பக்கம், தென் மாவட்டத்து டெய்லர்கள் ஒரு பக்கம் என்று யார் அதிகம் பிடிக்கிறார்கள் என்று போட்டியே வைத்துக்கொண்டார்கள். பயந்துகொண்டிருந்த நான்கூட ஒரு கட்டத்தில் சிரித்துவிட்டேன்.

அந்தக் கூத்துக்கு நடுவில்தான் முதலாளியின் கார் உள்ளே வந்தது. பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. ஏற்றிய சரக்கை இறக்கிவிட்டதாக வாசலிலேயே டிரைவர் சொல்லியிருக்கிறார்; லாரி காலியாக நிற்கிறது. ஓட வேண்டிய மிஷின்கள் நிற்கின்றன. கம்பெனி முழுவதும் தரையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது.

“ஏனுங்க அம்மிணி,” என்றார். எவ்வளவு கோபம் வந்தாலும் அவருக்கு ‘ங்க’ விட்டுப் போகாது. “என்ற வண்டிய என்னைக் கேக்காம எறக்கறதுக்கு நீங்க ஆருங்க?”

“போன் பண்ணினேங்க, நீங்க எடுக்கல. நான் ஒரு பொய் எழுதிட்டேங்க. அதை நம்பி அந்தம்மா இன்ஸ்பெக்டரை நிறுத்திட்டாங்க. பட்டன் கழலுதுங்க.”

ஓர் உருப்படியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் இழுத்தார். பட்டன் வந்துவிட்டது. உள்ளங்கையில் அதை உருட்டிப் பார்த்தார். பிறகு தாம்பூலப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். “எல்லாத்தையும் பாத்துப்போடலாமுங்க,” என்றார்.

வாடகைக்கு எடுத்துவந்த ஒரு பட்டன் மிஷினில்தான் கோளாறு. அதில் அடித்த உருப்படிகளை மட்டும் தனியே பிரித்து, வேறு மிஷினில் புதுப் பட்டன் அடிக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. கப்பல் போய்விடும்.

நாலரை மணிக்கு நானும் முதலாளியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். எழுதி முடித்துத் தமிழில் சொன்னேன். “எல்லா லாட்டும் டெஸ்ட் செய்ததாக இன்று எழுதினேன். அது உண்மையில்லை. ஒரு லாட் டெஸ்ட் ஆகவில்லை. இப்போது பார்த்தோம், பட்டன் கழல்கிறது. லாரியை இறக்கிவிட்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சரக்கு தாமதமாகும். தயவுசெய்து இன்ஸ்பெக்டரை அனுப்புங்கள்.”

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல அழுத்தறதுக்கு ஒண்ணும் போடலீங்களா?”

“வேண்டாங்க. நடந்தது அப்படியே இருக்குதுங்க.”

“அதும் செரிதானுங்க,” என்றார். மெயிலுக்குக் கீழே ‘எஸ்தர்’ என்று மட்டும் போட்டு அனுப்பினேன்.

அன்று பதில் இல்லை. மறுநாள் ஒன்றரை மணிக்கும் இல்லை. மூன்று மணிக்கு போன் வந்தது. மார்லீனின் குரலை அப்போதுதான் முதல் முறை கேட்கிறேன். டைரக்டர் அறையிலிருந்து இப்போதுதான் வெளியே வருவதாகவும், அங்கே என் பொருட்டு நிறையத் திட்டு வாங்கியதாகவும், என்மேல் மிகவும் கோபமாக இருப்பதாகவும் சொன்னார். நான் ‘சாரி’ என்று சொன்னேன். அடுத்த வாரக் கப்பலில் இடம் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். இன்ஸ்பெக்டர் வந்தார், நாள் முழுவதும் இழுத்தார். ஒரு பட்டன்கூட வரவில்லை. சரக்கு போனது.

அடுத்த சீசன் ஆர்டர் வராது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மார்லீனிடமிருந்து ஆர்டர் ஷீட் வந்தது. மறுபடி கைக்குழந்தை உடுப்பு. முந்தையதைவிடப் பெரிய ஆர்டர். நிறம், அளவு, துணி என்று ஒவ்வொன்றாக முதலாளிக்குப் படித்துக்கொண்டே வந்தேன். ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். வழக்கமாகக் கோயமுத்தூர் ஏஜென்சியின் பெயர் இருக்கும் இடம் அது. அதை எடுத்துவிட்டு, ‘எஸ்தர்’ என்று போட்டிருந்தார்.

“அதுல என்னங்க எழுதியிருக்குது?” என்று முதலாளி கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து போய்க் கேன்டீன் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அழுதேன், சந்தோஷமாகத்தான். பிறகு கம்ப்யூட்டரின் வயர்களைக் கழற்றி, நாற்காலியையும் மேஜையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சரசக்காவின் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டேன். ரிட்டையர் ஆகும் வரை என் மெயில்களை அங்கே உட்கார்ந்து, ரிஜிஸ்டரைப் பார்த்த பிறகுதான் எழுதினேன்.